பாம்பேய் பார்த்தாச்சு, இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்றால் பொட்சுவோலிக்குப் போங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் நேப்பிள்ஸில் தங்குகிறீர்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய ஊரான பாம்பேய்க்கு ஒரு நாள் ஒதுக்கியாயிற்று. இன்னொரு நாள் கையில் இருக்கிறது. ரோமானியர் காலத்துச் சின்னங்களும் கடலும் சேர்ந்த ஊராக வேண்டும், தள்ளுமுள்ளு வேண்டாம். கூட வரும் அப்பாவுக்கு முட்டி வலி. மனைவி சைவம். கார் எடுக்கும் எண்ணம் இல்லை.

சொர்ரெந்தோ, காப்ரி, அமல்ஃபி என்று மூன்று பேர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட ரோமானியச் சரக்கு அங்கே கொஞ்சம்தான், கூட்டமோ திருவிழாக் கூட்டம். என் பதில் பொட்சுவோலி. நேப்பிள்ஸுக்கு மேற்கே, ரயிலில் சுமார் அரை மணி நேரம். வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் இஸ்கியா, புரோசிதா தீவுகளுக்குக் கப்பல் பிடிக்கத்தான் இங்கே வருகிறார்கள். ஊரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது உங்களுக்கு நல்லதுதான்.

பாம்பேய் ஒரே நாளில் செத்து, அப்படியே நின்றுபோன ஊர். பொட்சுவோலி இன்னும் ஓயாத ஊர். இங்கே நிலம் மெல்ல ஏறுகிறது, மெல்ல இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ரோமாபுரிக்குச் சிமென்ட் தந்ததும் இந்த நிலம்தான், ரோமானியர் கட்டிய துறைமுகத்தைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டதும் இதே நிலம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு சுற்றினால் ஒவ்வொரு கல்லும் புரியும். இல்லாவிட்டால் உடைந்த தூண்களாகத்தான் தெரியும்.

முதலில் வழி, ஏனென்றால் அப்பாவின் முட்டிக்கு இதுதான் முக்கியம். ஊருக்கு இரண்டு ரயில் பாதைகள். மெட்ரோ லைன் 2 மேட்டில் இறக்கிவிடும், நிலையத்தின் பெயர் பொட்சுவோலி சோல்ஃபதாரா. மொன்தேசான்தோவிலிருந்து கிளம்பும் குமானா ரயில் கீழே, துறைமுகத்துக்குப் பக்கத்தில் நிற்கும். காலையில் லைன் 2 பிடித்து மேலே இறங்குங்கள். நாள் முழுக்க இறக்கத்தில் நடந்து கடலுக்கு வந்து, சாயங்காலம் குமானாவில் திரும்புங்கள். ஏற்றம் மிச்சம். மாற்றிச் செய்தால் வெயிலில் மேடு ஏற வேண்டியிருக்கும், அப்புறம் அப்பா உங்களோடு பேசமாட்டார்.

மேலே இறங்கியதும் காற்றில் லேசாகக் கந்தக வாடை அடித்தாலும் அடிக்கும். பக்கத்தில்தான் சோல்ஃபதாரா எரிமலைக் குழி இருக்கிறது. பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் அதுதான் முதலிடம். ஆனால் 2017 செப்டம்பரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் அங்கே இறந்துபோனார்கள், அதிலிருந்து மூடிக் கிடக்கிறது. அதற்காக அலைய வேண்டாம். நேராகக் கீழே இறங்கினால் பத்து நிமிடத்துக்குள் ஃப்ளேவியன் வட்டரங்கம்.

இத்தாலியில் இருக்கும் ரோமானிய வட்டரங்கங்களில் இது மூன்றாவது பெரியது என்பது வழக்கமான கணக்கு. முதலாவது ரோமின் கொலோசியம், இரண்டாவது காபுவா. நீளம் சுமார் 149 மீட்டர், அகலம் 116 மீட்டர். பேரரசர் வெஸ்பாசியன் காலத்தில், கி.பி. 1ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. ஊர் தன் சொந்தப் பணத்தில் கட்டியது என்று கல்வெட்டில் பெருமையோடு பொறித்துவைத்திருக்கிறார்கள். பேரரசரிடம் கை நீட்டாமல் இவ்வளவு பெரிய கட்டடம் எழுப்ப ஒரு துறைமுக ஊரிடம் காசு இருந்தது என்பதைக் கவனியுங்கள். அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று பிறகு சொல்கிறேன்.

மேலே படிக்கட்டு இருக்கைகள் பெரும்பாலும் சிதைந்துவிட்டன. அங்கே நேரம் போக்க வேண்டாம், கீழே போங்கள். அரங்கத்தின் அடித்தளம்தான் இந்த இடத்தின் சொத்து. கொலோசியத்தின் அடித்தளம் கூரையில்லாமல் வானம் பார்த்துக் கிடக்கிறது. இங்கே வளைவுக் கூரை அப்படியே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் குளுமை. மேலே வரிசையாகச் சதுரத் துளைகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கட்டு வெளிச்சம் தரையில் விழும். கூண்டில் அடைத்த மிருகங்களைக் கயிறும் சுழல்கட்டையும் வைத்து இந்தத் துளைகள் வழியாகத்தான் மேலே ஏற்றினார்கள். மணல் தரையில் திடீரென்று கதவு திறக்கும், சிறுத்தை வெளியே வரும். நடுவில் ஓடும் நீண்ட பெரிய பிளவு வழியாகக் காட்சிக்கான மரச்சட்டங்கள் ஏறும். நடைபாதை ஓரமெல்லாம் உடைந்த பளிங்குத் தூண்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள், சுவரெல்லாம் பெரணிச் செடி. ரோமானிய வட்டரங்கம் ஒரு இயந்திரமாக எப்படி வேலை செய்தது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. அடித்தளத்தைச் சில சமயம் பாதுகாப்புக்காக மூடுவதுண்டு, போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நேப்பிள்ஸில் எங்கே திரும்பினாலும் அந்த நகரத்தின் காவல் புனிதர் ஜனுவாரியுஸ் படம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செப்டம்பர் 19ஆம் தேதி, குப்பியில் காத்துவரும் அவருடைய உறைந்த ரத்தம் உருகுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். அவரை கி.பி. 305இல் இந்த அரங்கத்தில்தான் மிருகங்களுக்கு இரையாகப் போடவிருந்தார்கள், பிறகு சோல்ஃபதாராவுக்கு அருகே தலையை வெட்டினார்கள் என்பது மரபு. அரங்கத்துக்குள்ளேயே அவருக்கு ஒரு சிறு வழிபாட்டிடம் உண்டு.

இதற்கு முன்பே ஊரில் இன்னொரு வட்டரங்கம் இருந்தது. 1926இல் ரோம்–நேப்பிள்ஸ் ரயில் பாதை போடும்போது அதன் மேலேயே தண்டவாளம் போய்விட்டது. பொட்சுவோலியில் நடந்த ஒரு விளையாட்டுக்கு வந்த செனட்டர் ஒருவருக்கு உட்கார இடம் தர ஒருவரும் எழுந்திருக்கவில்லையாம். அதில் கோபப்பட்ட பேரரசர் அகஸ்டஸ், யார் யார் எங்கே உட்கார வேண்டும் என்று சட்டமே போட்டார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுயெடோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். துறைமுகத்துக்காரர்கள் எந்தக் காலத்திலும் யாருக்கும் பயந்தவர்கள் இல்லை போலிருக்கிறது.

இனி இறக்கம்தான். கால் மணி நேரம் நடந்தால் துறைமுகத்துக்குச் சற்று முன்னால், வீடுகளுக்கு நடுவே பள்ளமான ஒரு தோட்டம் வரும். ஊர்க்காரர்கள் செராபிஸ் கோயில் என்பார்கள். அது கோயில் அல்ல, சந்தை. 1750இல் தோண்டியபோது எகிப்தியக் கடவுளான செராபிஸின் சிலை கிடைத்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் கடைகள், நடுவில் வட்ட மண்டபம், மூலைகளில் பொதுக் கழிப்பறைகள் என்று ஒழுங்காகக் கட்டிய உணவுச் சந்தை அது. சாலையோரக் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்றே முழுவதையும் பார்க்கலாம். சீட்டு வேண்டாம், படி இறங்க வேண்டாம்.

அங்கே மூன்று உயரமான தூண்கள் நிற்கும். கிரேக்கத்தின் யுபோயா தீவிலிருந்து வந்த பச்சை வரியோடிய பளிங்கு, உயரம் 12 மீட்டருக்கு மேல். அவசரப்படாமல் அவற்றைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடியிலிருந்து ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வரை வழவழப்பாக இருக்கும். அதற்கு மேல் இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலத்தில் ஒரு பட்டை, கறுத்துப்போய், விரல் நுழையும் அளவுக்குத் துளை துளையாக. அதற்கும் மேலே மறுபடி வழவழப்பு. துளைகளைப் போட்டது கடல் சிப்பி. கல்லைக் குடைந்து உள்ளே குடியிருக்கும் ஒரு வகைச் சிப்பி, கடல் நீரில் மட்டுமே வாழும். அப்படியானால் இந்தத் தூண்கள் நின்ற நிலையிலேயே அந்த உயரம் வரை கடலுக்குள் முழுகி, பிறகு விழாமல் மறுபடி மேலே வந்திருக்க வேண்டும். கீழ்ப்பகுதி மண்ணிலும் இடிபாட்டிலும் புதைந்திருந்ததால் அங்கே சிப்பி எட்டவில்லை. மேல்பகுதி தண்ணீருக்கு வெளியே இருந்தது. நடுப்பகுதிதான் மாட்டிக்கொண்டது.

இந்த மூன்று தூண்களும் அறிவியல் வரலாற்றில் பெரிய ஆட்கள். நிலவியலாளர் சார்ல்ஸ் லையெல் 1830இல் வெளியிட்ட நிலவியல் நூலின் முகப்புப் படம் இவைதான். பூமி ஒரேயடியாகப் பேரழிவுகளால் மட்டும் மாறுவதில்லை, இன்று கண்ணெதிரே நடக்கும் மெதுவான மாற்றங்களே காலப்போக்கில் மலையையும் கடலையும் இடம் மாற்றும் என்பது அவருடைய வாதம். அதற்குச் சாட்சியாக அவர் நிறுத்தியவை இந்தத் தூண்கள். கணக்கிடும் இயந்திரம் வடிவமைத்த சார்ல்ஸ் பாபேஜும் 1828இல் இங்கே வந்து அளந்துவிட்டுப் போனவர்தான். நான் இந்தக் கம்பிவேலியில் கை ஊன்றி நின்றபோதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிடும் ஊர்ப் பிள்ளைகள்தான்; ஒரு பயணிக் குழுவைக்கூடப் பார்த்ததில்லை.

பழைய புகைப்படங்களில் இந்தச் சந்தையின் தரையில் தண்ணீர் தேங்கி, தூண்களின் நிழல் விழுந்திருக்கும். இப்போது தரை உலர்ந்துவிட்டது. காரணம் நிலம் ஏறுகிறது. பொட்சுவோலி உட்கார்ந்திருப்பதே காம்பி ஃப்ளெக்ரேய் என்ற மாபெரும் எரிமலைப் பள்ளத்தின் நடுவில். அடியில் வாயுவும் வெந்நீரும் எரிகுழம்பும் அழுத்தினால் தரை உப்பும், அழுத்தம் தளர்ந்தால் அமிழும். இதை பிராடிசிசம் என்கிறார்கள். ரோமானியர் காலத்துக்குப் பிறகு பல நூற்றாண்டுகள் அமிழ்ந்தது. 1538இல் கடல் திடீரென்று பின்வாங்கி, மீன்கள் கரையில் துள்ளின. செப்டம்பர் 29ஆம் தேதி நிலம் வெடித்தது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் 130 மீட்டர் உயரத்துக்கு ஒரு மலையே முளைத்துவிட்டது. அதற்குப் பெயரும் புது மலை என்றே வைத்தார்கள், மொன்தே நுவோவோ. ஐரோப்பாவின் இளைய மலைகளில் ஒன்று, குமானா ரயிலில் மேற்கே போனால் தெரியும்.

அண்மைக் கதையும் உண்டு. 1970–72இல் தரை ஏறத்தாழ 1.7 மீட்டர் உயர்ந்தது. 1982–84இல் இன்னொரு 1.8 மீட்டர். அந்த இரண்டாவது முறை சுமார் 40,000 பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள்; அவர்களுக்காக மொன்தெருஷெல்லோ என்று ஒரு புதுக் குடியிருப்பையே அரசு கட்டியது. 2005 முதல் மறுபடி ஏற்றம், இதுவரை 1.4 மீட்டருக்கு மேல். துறைமுகத்தின் ஓரத்தில் தர்சேனா என்ற சின்னப் படகுத்துறைக்குப் போய் நின்றால் இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியும். படகு கட்டும் இரும்புக் குமிழ்கள் தண்ணீரிலிருந்து எட்டாத உயரத்தில் நிற்கின்றன. ஒரு காலத்தில் நீருக்கடியில் இருந்த கல் இப்போது வெயிலில் காய்கிறது, சிப்பி ஒட்டிய வெள்ளைத் தடத்தோடு. நீர் வற்றும் நேரத்தில் சின்னப் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். மீனவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், எந்த வருடம் எத்தனை அங்குலம் என்று விரல்நுனியில் வைத்திருப்பார்கள்.

பாதுகாப்பு பற்றிக் கேட்கத் தோன்றும். நியாயம்தான். 2012 முதல் எரிமலைக்கான மஞ்சள் எச்சரிக்கை (பச்சைக்கு அடுத்த படி) நடப்பில் இருக்கிறது. நிலநடுக்கம் அடிக்கடி வரும், பெரும்பாலும் சின்னது. 2024 மே மாதம் 4.4, 2025இல் இரண்டு முறை 4.6 அளவில் வந்து சுவர்கள் விரிசல் விட்டன, மக்கள் தெருவில் படுத்தார்கள். அப்படி ஒரு நாள் என்றால் தண்டவாளம் சோதிக்க ரயிலை நிறுத்துவார்கள், தொல்லியல் இடங்களையும் மூடுவார்கள். கிளம்பும் முன் இத்தாலிய நிலநடுக்க ஆய்வு நிறுவனத்தின் அறிவிப்பையும் ரயில் நிலவரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். அவ்வளவு போதும். பகல் பொழுது போய்வருவதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் சின்ன அதிர்வுக்கே மனம் பதறுகிறவர்கள் கூட வந்தால் நீங்களே முடிவு செய்யுங்கள்.

மதியம் ஒரு மணிவாக்கில் சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் நல்ல சமையலறைகள் அடுப்பை அணைத்துவிடும். துறைமுகத்தைச் சுற்றி மீன் கடைகளும் மீன் சமைக்கும் இடங்களும்தான். அசைவம் என்றால் நெத்திலி வறுவல், சிப்பி போட்ட பாஸ்தா, இந்த எரிமலை மண்ணில் விளையும் ஃபலாங்கினா வெள்ளை ஒயின். மனைவிக்குக் கவலை வேண்டாம், நேப்பிள்ஸ் சமையலில் சைவம் நிறைய: கத்தரிக்காயை அடுக்கிச் சீஸ் போட்டுச் சுடும் பர்மிஜானா, உருளைக்கிழங்கும் புரோவோலா சீஸும் சேர்ந்த பாஸ்தா, குளிர்காலத்தில் ஃப்ரியாரியெல்லி என்ற கசப்புக் கீரை. ஆனால் உருளைக்கிழங்கு பாஸ்தாவில் பன்றிக் கொழுப்பு போடும் வழக்கம் உண்டு, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சாப்பிட்டுவிட்டுக் கடல் பக்கம் உட்காருங்கள். இப்போது வட்டரங்கம் கட்டிய அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்ற கதைக்கு வரலாம். ரோம் நகரம் பெருத்துக்கொண்டே போனது, பக்கத்தில் பெரிய கப்பல் ஒதுங்க நல்ல துறை இல்லை. ஆகவே 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் இந்த விரிகுடாதான் தலைநகரின் வாசலாயிற்று. கி.மு. 194இல் 300 குடியேறிகளோடு தொடங்கிய ரோமானியக் குடியிருப்பு. அதன் பழைய பெயர் புத்தேயோலி. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு அப்போஸ்தலர் நடபடிகளில் பழக்கமான பெயர். பவுல் கைதியாக ரோமுக்குப் போகும் வழியில், அலெக்சாண்டிரியக் கப்பலில் வந்து இறங்கி ஏழு நாள் தங்கியது இங்கேதான். அவர் வந்த கப்பல் வித்தியாசமானதல்ல. எகிப்தின் கோதுமை வருடா வருடம் இங்கேதான் வந்து குவிந்தது. அந்தக் கப்பல்கள் வரும் நாளில் ஊரே அலைதாங்கியில் கூடி நிற்கும், மேல்பாயைப் பார்த்தே அலெக்சாண்டிரியக் கப்பல் என்று அடையாளம் சொல்வார்கள் என்று ரோமானியத் தத்துவ அறிஞர் செனேகா ஒரு கடிதத்தில் எழுதுகிறார். எல்லோரும் ஓடும்போது தான் மட்டும் ஓடவில்லை என்று அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு.

இந்த வியாபாரத்தின் கணக்கேடே கையில் கிடைத்திருக்கிறது. 1959இல் பாம்பேய்க்கு அருகே முரேச்சினேயில் மெழுகுப் பலகைகள் கிடைத்தன. புத்தேயோலியில் வட்டிக்கடை நடத்திய சுல்பிச்சி குடும்பத்தாரின் பத்திரங்கள் அவை. கி.பி. 37இல் கையுஸ் நோவியுஸ் யூனுஸ் என்ற தானிய வியாபாரி 10,000 செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) கடன் வாங்குகிறார். ஈடு: ஊர்ப் பொதுக் கிடங்கில் கிடக்கும் 7,000 மோதி (ரோமானிய தானிய அளவை) அலெக்சாண்டிரியக் கோதுமை, கூடவே கொண்டைக்கடலை, பருப்பு வகை என்று 200 மூட்டை. பத்திரத்தை அவரே கைப்பட எழுதியிருக்கிறார், லத்தீனில் எழுத்துப்பிழை மலிந்திருக்கிறது. பேசுகிறபடியே எழுதிவிட்டார். மொழியியலாளர்களுக்கு அந்தப் பிழைகள்தான் பொக்கிஷம்.

நம் பக்கத்துக்கும் இங்கே ஒரு நூல் நீள்கிறது. அன்னியுஸ் புளோகாமுஸ் என்பவர் செங்கடல் வரி வசூலைக் குத்தகை எடுத்தவர். அன்னியுஸ் குடும்பம் புத்தேயோலியின் கல்வெட்டுகளில் வரும் வணிகக் குடும்பம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அவரிடம் அடிமையாக இருந்து விடுதலையான ஒருவன் அரேபியாவைச் சுற்றிப் போகும்போது காற்றில் சிக்கி, பதினைந்தாம் நாள் தப்ரோபேன் தீவில், அதாவது இலங்கையில், கரை ஒதுங்கினானாம். ஆறு மாதம் தங்கி மொழி கற்றான். அவனிடம் இருந்த வெள்ளிக் காசுகளில் வேறு வேறு பேரரசர்களின் முகம் இருந்தும் எடை எல்லாம் ஒன்றாக இருப்பதைக் கண்டு அரசன் வியந்து, ரோமுக்கு நான்கு தூதர்களை அனுப்பினான் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்கிறார். கட்டுக்கதை என்று ஒதுக்க முடியாதபடி, எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் பெரெனிகே துறைக்குப் போகும் பாதையில் ஒரு பாறையில், அன்னியுஸ் புளோகாமுஸின் ஆள் லீசாஸ் என்பவன் கி.பி. 6இல் பெயர் பொறித்துவிட்டுப் போயிருக்கிறான். பிளினி சொல்லும் ஆள் இவனேதானா என்பது வேறு கேள்வி. ஆனால் குடும்பம் அந்தத் தொழிலில் இருந்தது உறுதி. எதிர்த் திசையிலும் தடயம் உண்டு. கேரளத்தின் பட்டணம் அகழாய்வில் கிடைத்த ஒயின் ஜாடித் துண்டுகளில் நிறைய நேப்பிள்ஸ் விரிகுடாப் பகுதியில் சுட்டவை. களிமண்ணில் மின்னும் கருப்பு எரிமலை மணல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அந்த எரிமலை மண்தான் ஊரின் இன்னொரு வரவு. இங்கே தோண்டும் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கடியிலும் இறுகும். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதை வியந்து எழுதுகிறார். இன்றும் பொறியியல் மாணவர்கள் படிக்கும் பொசோலானா என்ற பெயர் இந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்ததுதான். ஹெரோது மன்னன் இன்றைய இஸ்ரேல் கடற்கரையில் செசரியா துறைமுகம் கட்டும்போது இந்த மண்ணைக் கப்பலில் வரவழைத்தான். கடல்நீர் பட்டால் நம் காலத்துக் கான்கிரீட் கெடும், அதன் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். ரோமானியர் கலவையிலோ கடல்நீர் ஊறி ஊறிப் புதுப் படிகங்கள் வளர்ந்திருக்கின்றன என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து தெரியும் அலைதாங்கிச் சுவருக்குள் ரோமானியரின் பழைய தூண்கள் புதைந்து கிடக்கின்றன. அவர்கள் அதை ஒரே சுவராகக் கட்டவில்லை. வளைவு வளைவாகக் கட்டினார்கள், நீரோட்டம் உள்ளே புகுந்து மணலை அள்ளிப்போகட்டும் என்று. பேரரசன் கலிகுலா கி.பி. 39இல் இங்கிருந்து எதிர்க்கரையான பாயா வரை சரக்குக் கப்பல்களை இரண்டு வரிசையாகக் கட்டி, மேலே மண் கொட்டிப் பாதை போட்டு, குதிரையில் போய்வந்தான். கடலைக் குதிரையில் கடந்தான் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கப்பலெல்லாம் இதற்குப் போனதால் ரோமில் தானியத் தட்டுப்பாடு வந்தது என்று அவனைத் திட்டியவர்களும் உண்டு.

பிறகு வந்த பேரரசர்கள் கிளாவுடியுஸும் திராயானும் ரோமுக்குப் பக்கத்திலேயே செயற்கைத் துறைமுகம் கட்டினார்கள். கோதுமைக் கப்பல்கள் அங்கே போயின. நிலமும் அமிழத் தொடங்கியது. ஊர் மெல்லச் சிறுத்தது.

பிற்பகலுக்கு ரியோனே தெர்ரா. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக் குன்று, ஊரின் மூத்த பகுதி. 1970 மார்ச் 2ஆம் தேதி, தரை ஏறுகிறது என்று ஒரே நாளில் இங்கே இருந்த சுமார் 3,000 பேரையும் ராணுவம் வெளியேற்றியது. யாரும் திரும்பிக் குடிவரவில்லை. இன்று வீடுகளுக்கெல்லாம் அழகாகப் பூச்சு பூசி வைத்திருக்கிறார்கள், உள்ளே ஆள் இல்லை. எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. கொடியில் துணி காயாத தெற்கு இத்தாலியத் தெரு தெருவாகவே தோன்றுவதில்லை.

உச்சியில் பேராலயம். 1964 மே மாதம் ஓர் இரவு தீப்பிடித்து, பரோக் கால (17ஆம் நூற்றாண்டு) அலங்காரமெல்லாம் எரிந்து உதிர்ந்தது. விடிந்து பார்த்தால் சுவருக்குள்ளிருந்து வெள்ளைப் பளிங்குத் தூண்கள் வெளியே தெரிகின்றன. அகஸ்டஸ் காலத்து ரோமானியக் கோயில் ஒன்றை அப்படியே வைத்து அதைச் சுற்றித் தேவாலயம் கட்டியிருக்கிறார்கள்! கோயிலைக் கட்டிய கட்டடக் கலைஞர் லூசியுஸ் கொக்கேயுஸ். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு இழுபறி. 2014இல்தான் மறுபடி திறந்தார்கள். இப்போது தூண்களுக்கு நடுவே கண்ணாடிச் சுவர். ஒரு பக்கம் ரோமானியக் கோயில், அந்தக் கோடியில் தப்பிப் பிழைத்த பரோக் பீடம், நடுவில் புத்தம் புது நாற்காலிகள். பழையதோடு புதியதை ஒட்டவைத்த வேலைகளில் பலவும் கண்ணை உறுத்தும், இது உறுத்தவில்லை.

ஆலயத்துக்கு அடியில் ரோமானியத் தெருக்களே இருக்கின்றன. மேலே இருக்கும் வீடுகளுக்கு அஸ்திவாரமாகப் போய்விட்ட கடைகள், கிடங்குகள், ரொட்டிச் சூளை, அதன் பக்கத்தில் எரிமலைக்கல் திரிகை. வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி, முன்பதிவு கட்டாயம். படிகளும் மேடுபள்ளமும் உண்டு, ஆகவே அப்பாவை ஆலயத்திலோ வெளியே கடல் பார்த்த மேடையிலோ உட்காரவைத்துவிட்டு நீங்கள் இருவரும் போய்வாருங்கள். குன்றுக்கு ஏறும் பாதை மட்டும் கொஞ்சம் மேடு. முடியாவிட்டால் துறைமுகத்தில் டாக்சி கிடைக்கும்.

ரியோனே தெர்ராவுக்கு முன்பதிவு கிடைக்கவில்லை என்றால் மாற்று வழி பாயா. ரோமானியப் பணக்காரர்கள் உல்லாச மாளிகை கட்டிய கரை, இன்று பாதி நகரம் சுமார் ஐந்து மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அடியில் கண்ணாடி போட்ட படகு பாயா துறையிலிருந்து பருவ காலத்தில், பெரும்பாலும் வாரக்கடைசியில் போகும்; அலை அடித்தால் ரத்து. முட்டி வலிக்காரருக்கு இதைவிடச் சௌகரியமான தொல்லியல் இடம் கிடையாது, உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். முழுகுபவர்கள் இறங்கினால் வழிகாட்டி கையால் மணலை விசிறி மொசைக் தரையைக் காட்டிவிட்டு மறுபடி மூடிவைப்பார். நீருக்கடியில் நிற்கும் சிலைகள் நகல். அசல் பாயாக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கரையில் இருக்கும் வெந்நீர்க் குளியல் வளாகம் அடுக்கடுக்காகப் படிகள், அப்பாவுக்கு ஆகாது. நீங்கள் மட்டும் போனால் மெர்க்குரி கோயில் என்று அழைக்கும் குளியல் மண்டபத்தைப் பாருங்கள். 21 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் குவிமாடம், ரோமின் புகழ்பெற்ற குவிமாடக் கோயிலான பாந்தியோனுக்கு மூத்தது. அதே வளாகத்தில் ஒரு வளைவுக் கூரையிலிருந்து அத்திமரம் ஒன்று தலைகீழாகத் தொங்கி வளர்கிறது.

ரியோனே தெர்ராவையும் பாயாவையும் ஒரே பிற்பகலில் திணிக்காதீர்கள். வட்டரங்கத்துக்கும் பாயாவுக்கும் பக்கத்துப் பழைய கிரேக்க ஊரான கூமாவுக்கும் சேர்த்து எடுக்கிற சீட்டு உண்டு, ஆனால் விடுமுறை நாள் இடத்துக்கு இடம் மாறும்; முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். கடலில் கால் நனைக்க வேண்டும் என்றால் துறைமுகத்தில் முடியாது. குமானாவில் மேற்கே கொஞ்ச தூரம் போய் லுக்ரினோவில் இறங்குங்கள், நிலையத்துக்குப் பக்கத்திலேயே கடற்கரை. திரும்பும் வண்டியும் அதே பாதைதான். நேர அட்டவணையை முழுதாக நம்பாமல், கடைசி வண்டிக்கு இரண்டு வண்டி முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.